ரொம்பட்டும் என்பாள்

எதையும் அது நிரம்புவதற்கு முன்னால் தொடக் கூடாது என்பது அக்காவின் கட்சி. மொச்சை என்றால் தோலுக்குள் கொட்டை உருள வேண்டும். குடம் என்றால் வாய் வழிய வேண்டும். ஆலங்காயம் பஸ் வந்து நிற்கும், சனம் முண்டியடித்து ஏறும், இவள் மட்டும் புளியமரத்தடியில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். "ரொம்பட்டும் நர்சம்மா. இன்னா அவசரம்? நம்மள வுட்டுட்டா பூடுவான்?" நிரம்பட்டும் என்பதைத்தான் அந்தப் பக்கத்தில் ரொம்பட்டும் என்பார்கள். அவன் பல தடவை விட்டுவிட்டுப் போயிருக்கிறான். அதற்கும் அவளுக்கு வருத்தம் கிடையாது. அடுத்த பஸ் சாயங்காலம். அதுவரைக்கும் அதே மரத்தடி.

பேச்சிலும் அப்படித்தான். ஒன்று கேட்டால் உடனே பதில் வராது. கேட்டது என்ன என்று நமக்கே மறந்துபோகிற நேரத்தில்தான் வரும். போனில் அவளோடு பேசுவது பெரிய தண்டனை. லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்து நான் நாலு தடவை ஹலோ ஹலோ என்று தொண்டை கிழியக் கத்திய பிறகு, "ஆமா, கேக்குது, சொல்லு" என்பாள்.

அவள் பெயரை எழுதப் போவதில்லை. ஜவ்வாது மலையில் அந்தப் பெயரில் ஊருக்கு நாலு பேர் இருப்பார்கள், எழுதினாலும் யாருக்கும் ஆளைத் தெரியாது. ஆனால் நான் இங்கே சொல்லப்போவது என்னுடைய தப்பு. அவள் பெயரை அதற்குப் பக்கத்தில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

நான் கிராம சுகாதார நர்ஸ். ஊர் கண்ணமங்கலம். மலைமேல் ஒரு துணை சுகாதார நிலையத்தில் ஒன்பது வருஷம் இருந்தேன். முன்னால் நிலையம், பின்னால் குவார்ட்டர்ஸ், அதற்கும் பின்னால் நான் கீரையும் கத்தரியும் போடுகிற துண்டு நிலம், அப்புறம் ஒரு முள்வேலி, வேலிக்கு அந்தப் பக்கம் அக்கா வீடு. என்னைவிட மூன்று வயதோ நாலு வயதோ பெரியவள். வாய் நிறைய 'நர்சம்மா' என்று மரியாதையாகக் கூப்பிட்டுவிட்டு அடுத்த சொல்லிலேயே 'நீ' என்பாள். புருஷன் நல்ல மனுஷன், அதிகம் பேசாதவர். ஒரே மகளைப் படவேட்டுப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார்கள். சாமை விளைகிற கொஞ்சம் மேட்டு நிலம், நாலு ஆடு, வீட்டைச் சுற்றி மொச்சைக்கொடி. அவ்வளவுதான் அவள் உலகம்.

எனக்கு வாய் நீளம். இதை மறைத்து என்ன ஆகப்போகிறது? சத்து மாத்திரையைத் தின்னாமல் கூரையில் சொருகி வைக்கிற கர்ப்பிணியைப் பார்த்தால் எனக்குச் சாமி வந்துவிடும். "ஏன்டி, நான் பஸ்ஸுல தூக்கிக்கினு வர்றது உன் வூட்டுக் கூரைக்கு மருந்து போடறதுக்கா?" என்று ஆரம்பித்தால் வராந்தாவில் இருக்கிற கோழி எல்லாம் ஓடும். பெண்கள் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பார்கள், சிலர் அழுவார்கள், ஆனால் மாத்திரை உள்ளே போகும். நான் கத்தி முடிக்கிறவரைக்கும் அக்கா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருப்பாள். பிறகு ஒரு சொம்புடன் வருவாள். "கத்தி முட்ச்சிட்டியா? இந்தா, தண்ணி குடி."

பழக்கமானது பட்டாணியால்தான்.

ஸ்நோ பீஸ் என்று ஒரு பட்டாணி இருக்கிறது. மற்றப் பட்டாணியை உரித்து உள்ளே இருப்பதைத் தின்போம். இதை உரிக்கவே கூடாது. கொட்டை கட்டுவதற்கு முன்னால், காய் தட்டையாக இருக்கும்போதே, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் உள்ளே விதை புள்ளி புள்ளியாகத் தெரிகிற பருவத்தில் பறித்துவிட வேண்டும். தோலோடு அப்படியே வதக்கித் தின்றால் நறுக்கென்று இருக்கும், கொஞ்சம் தித்திக்கும். பெங்களூரில் தம்பி வீட்டுக்குப் போனபோது ஒரு ஓட்டலில் தின்றுவிட்டு, மலைக்குத் திரும்புவதற்குள் போனில் விதைக்கு ஆர்டர் போட்டுவிட்டேன். கூரியர்காரன் மலை ஏற மாட்டேன் என்றான். ஆலங்காயத்தில் தெரிந்த மருந்துக்கடையில் கொடுக்கச் சொல்லி அங்கே போய் வாங்கிவந்தேன். கண்ணமங்கலத்து வெயிலில் இந்தச் செடி கருகிவிடும். மலையில் ஐப்பசிக்கு மேல் குளிர் இறங்கும், அதனால் வரும் என்று நம்பினேன்.

ஒரு ராத்திரி டம்ளரில் ஊறப்போட்டு, மண்ணைக் கொத்திப் பாத்தி கட்டி, விரல் கணு ஆழத்துக்குக் குழி குத்தி, நாலு விரல்கடைக்கு ஒன்றாக நட்டேன். அவ்வளவும் ஒழுங்காகத்தான் செய்தேன். நாலாம் நாள் பொறுக்கவில்லை. ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு போய் மண்ணைக் கிளறிப் பார்த்தேன்.

"இன்னா நர்சம்மா, பொதச்சதத் தோண்டற?" என்று வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"மொளச்சிருக்கான்னு பாக்கறேன்க்கா."

நான் இன்னும் மூன்று குழி தோண்டினேன். அதற்கு அப்புறம் அவள் சொன்னாள்: "புள்ள நாலு நாள்ல பொறந்துடுமா?"

வேலிச் சந்து வழியாக உள்ளே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் வெளியே எடுத்துப் போட்டதில் ஒன்றுக்கு வெள்ளையாக வேர்முனை வந்திருந்தது. என் குச்சி பட்டு அது ஒடிந்திருந்தது. அவள் அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, "இது போச்சி. மீதியவாச்சும் வுடு" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. மற்றதையெல்லாம் மறுபடி குழியில் வைத்து மண்ணைத் தள்ளினாள். எட்டாம் நாள் முளை வந்தது. அன்றைக்கு என்னைவிட அவளுக்குத்தான் சந்தோஷம்.

அதற்குப் பிறகு அந்தப் பாத்தி பாதி அவளுடையது. நான் கேட்காமலே மூங்கில் மிளாறுகளை வெட்டிவந்து நட்டாள். செடி அரை முழம் வந்ததும் நுனியில் மெல்லிசாகப் பற்றுக்கம்பி விட்டு எதையாவது பிடிக்கப் பார்க்கும். அவள் ஒவ்வொன்றையும் விரலால் மெதுவாக எடுத்து மிளாறின் மேல் சாய்த்துவிட்டு, அது தானாகச் சுற்றிக்கொள்கிறதா என்று அடுத்த நாள் வந்து பார்ப்பாள். நான் நூலைப் போட்டுக் கட்டிவிட்டேன் என்றால், அவிழ்த்துவிடுவாள்.

வெள்ளையாகப் பூத்து, மார்கழியில் காய் விட்டது. சப்பையாக, பளபளவென்று. நான் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போனேன். அவள் வந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னா பண்ற?"

"பறிக்கறேன்க்கா."

"உள்ள ஒண்ணியும் இல்ல. வெறுந்தோலு."

"இத இப்டியேதான்க்கா துன்னணும். கொட்ட வெச்சா நல்லா இருக்காது."

வழக்கம்போல நேரம் எடுத்துக்கொண்டு சொன்னாள். "ரொம்பட்டும்."

ரொம்பாத காயைப் பறிப்பது அவளுக்குப் பாவம். அது ஒன்று. இன்னொன்றும் இருந்தது. அந்த ஊரில் புதிதாக விளைந்தது எதையும் சாமிக்கு வைக்காமல் வாயில் வைக்க மாட்டார்கள். பெரியவர்கள் உட்கார்ந்து ஒரு நாள் குறிப்பார்கள். அந்த நாளில் எல்லாரும் கொண்டுபோய் வைத்துப் படைத்த பிறகுதான் வீட்டு அடுப்பில் ஏறும். சாமைக்கும் மொச்சைக்கும் அந்தச் சட்டம். முன்பின் தெரியாத சீமைப் பட்டாணிக்கும் அதுதானா என்று கேட்டேன். "இந்த மண்ணுலதான வெளஞ்சிது?" என்றாள். நாள் குறித்ததோ பன்னிரண்டு நாள் தள்ளி. நான் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

பன்னிரண்டு நாளில் எல்லாம் முடிந்தது. காய் உப்பி, பச்சை வெளுத்து, தோல் மாட்டுத்தோலாகவே ஆகிவிட்டது. ஒரு காய் முற்றினாலே போதும், நம் வேலை ஆயிற்று என்று செடி பூப்பதை நிறுத்திவிடும். பூவும் நின்றுவிட்டது. சாமிக்கு வைத்ததில் ஒரு பிடியைக் கொண்டுவந்து வதக்கினேன். கயிற்றைத் தின்கிற மாதிரி இருந்தது. எனக்கு வந்ததே கோபம்! "ரெண்டு மாசம்க்கா! ரெண்டு மாசம் தண்ணி தூக்கி ஊத்தனேன். பன்னெண்டு நாளு உன் பேச்சக் கேட்டதுக்கு எல்லாம் நாரு!" என்று குதித்தேன். அவள் பாட்டுக்கு மென்றுகொண்டிருந்தாள். ரொம்ப நேரம் மென்றாள். "நாராத்தான் கீது" என்று ஒத்துக்கொண்டு, அதையும் விழுங்கினாள். துப்பவில்லை.

மீதிக் காய்களைச் செடியிலேயே காய விட்டு, கலகலவென்று சத்தம் கேட்ட பிறகு பறித்து, விதையைச் சாம்பலில் புரட்டி ஒரு கண்ணாடி பாட்டிலில் போட்டு வைத்தாள். "அடுத்த வருசம் நீ சொல்றப்ப பறிக்கலாம்" என்றாள். அக்கா வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

அவள் பொறுமையைக் கேலி செய்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். அது எவ்வளவு பெரிய விஷயம் என்று ஒரு நாள் ஆம்புலன்ஸில் பார்த்தேன். அவள் நாத்தனாரின் மகளுக்குத் தலைப்பிரசவம். மலை வளைவுகளில் வண்டி இறங்குகிறது, நான் டிரைவரைப் பார்த்துக் கத்துகிறேன், போனில் கத்துகிறேன், அந்தப் பெண் என்னைவிட அதிகமாகக் கத்துகிறாள். அக்கா மட்டும் அவள் முதுகில் கையை வைத்துக்கொண்டு, "இன்னும் நேரம் கீதுடி. பொறு. மூச்ச வுடு. பொறு" என்று ஒரே குரலில் சொல்லிக்கொண்டே வந்தாள். கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண் அவள் குரலுக்கு மூச்சு விட ஆரம்பித்தாள். நானும்தான். குழந்தை ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்துதான் பிறந்தது. இவள் மாதிரி ஒரு நாளாவது இருக்க மாட்டோமா என்று அன்றைக்கு ஆசையாக இருந்தது. அந்த ஆசைதான் என்னைக் கெடுத்தது.

அடுத்த புரட்டாசியில் எங்களுக்கு ஒரு பயிற்சி நடந்தது. வந்திருந்த மேடம் சின்னப் பெண், நல்லாப் பேசினாள். நோயாளியைப் பயமுறுத்தாதீர்கள், குரலை உயர்த்தாதீர்கள், பெரிய வியாதியாக இருந்தாலும் மெதுவாக, பக்குவமாகச் சொல்லுங்கள், நீங்கள் பதறினால் அவர்கள் ஆஸ்பத்திரிப் பக்கமே வர மாட்டார்கள் என்றாள். அவள் சொன்னதில் ஒரு குற்றமும் இல்லை. எனக்காகவே சொன்ன மாதிரி இருந்தது. பக்கத்தில் இருந்த நர்ஸ்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். இனிமேல் கத்துவதில்லை என்று பஸ்ஸில் வரும்போதே முடிவு பண்ணிக்கொண்டேன்.

ஐப்பசியில் அக்கா பாட்டிலைக் கொண்டுவந்தாள். இரண்டு பேருமாகப் பாத்தி கட்டி நட்டோம். நான் குச்சியைத் தொடவில்லை, அதற்கு அவள் சிரித்தாள். கை கழுவிக்கொண்டு நான் உள்ளே போகும்போது, "நர்சம்மா, நானும் வர்றேன். ஒண்ணு காட்டணும்" என்று கூடவே வந்து கதவைச் சாத்தினாள்.

"இங்க ஒரு கொட்டையாட்டம் கீது."

இடது மார்பில், மேலே, வெளிப்பக்கம். நான் விரலை வைத்தேன். கல் மாதிரி இருந்தது. தள்ளினால் நகரவில்லை.

"வலிக்குதாக்கா?"

"இல்ல."

"எப்பலேர்ந்து?"

"ஆடியிலேர்ந்து கீது. பூடும் பூடும்னு பாத்தேன்."

இந்த மாதிரிக் கட்டிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். முக்கால்வாசி ஒன்றும் இல்லாமல் போகும். ஆனால் இதைத் தொட்ட உடனே எனக்குத் தெரிந்துவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், தெரிந்துவிட்டது. விரலை எடுக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் சிரித்தேன். அந்த மேடம் சொன்ன மாதிரி, மெதுவாக, பக்குவமாக, "ஒண்ணும் பயப்படாதக்கா. எதுக்கும் ஒரு தரம் வேலூர் போய்க் காட்டிட்டு வந்துடலாம். உனக்குத் தோதான நாளு சொல்லு, நானும் வர்றேன்" என்றேன்.

அவள் இன்னும் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வழக்கமான தாமதம் என்றுதான் நினைத்தேன்.

"சாம அறுப்பு முடியட்டுமா?"

"சரிக்கா. முடிச்சிட்டே போலாம்."

ஏன் அப்படிச் சொன்னேன்? பயிற்சிமேல் பழி போட முடியாது. அவளிடம் அந்த வியாதியின் பெயரைச் சொல்ல எனக்குப் பயமாக இருந்தது. ஊர்ப்பெண்கள் எல்லாரிடமும் நாக்கில் நரம்பில்லாமல் பேசுகிறவளுக்கு, இவள் ஒருத்தியிடம் வாய் வரவில்லை. சொல்லாதவரைக்கும் அது இல்லை என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

அந்த வருஷம் பட்டாணி அப்படிக் காய்த்தது. முதல் காய் சப்பையாகத் தொங்கத் தொடங்கியதும், அக்கா தானாகவே ஊர்ப் பெரியவரிடம் போய், ரொம்பாமல் தின்கிற காய் ஒன்று இருக்கிறது, அதற்குத் தனி நாள் வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். அவர் என்ன நினைத்தாரோ, "வெளயற அன்னைக்கே வெச்சிக்க" என்று சொல்லிவிட்டார். ஒரு வெற்றிலையில் பத்துக் காயை வைத்துப் படைத்துவிட்டு நேரே என் அடுப்படிக்கு வந்தாள். வெங்காயமும் மிளகாயும் போட்டு வதக்கினேன். ஒன்றை எடுத்து நறுக்கென்று கடித்தாள். நான் அவள் வாயையே பார்த்தேன். "ரொம்பாமயும் நல்லாத்தான் கீது" என்றாள். அன்றைக்கு நான் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. எத்தனை சுலபமாகச் சிரித்தேன்!

அதற்கப்புறம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறித்தோம். ஒன்றைக்கூட முற்ற விடக் கூடாது என்று நான் சொல்லியிருந்தேன். அவள் இலைக்கு அடியில் எல்லாம் கையை விட்டுத் தேடுவாள். அப்படித் தேடிக்கொண்டிருக்கும்போதே, சாமை அறுப்பு முடிந்துவிட்டதே, போகலாமா என்று கேட்டேன். மொச்சை வந்துவிட்டது என்றாள். மார்கழி முடியும்போது இன்னொரு தடவை கேட்டேன். "பொங்கல் போவட்டும், பொண்ணு வருது" என்றாள். இரண்டு தடவையும் அந்தப் புதுக் குரலில்தான் கேட்டேன். இரண்டு தடவையும் சரிக்கா, சரிக்கா என்றேன். நானும் ஒரு வழியாகப் பொறுமைசாலி ஆகிவிட்டேன் என்று உள்ளுக்குள் பெருமை வேறு.

மாசியில் வெயில் ஏறி, செடி அடியிலிருந்து பழுத்துக்கொண்டு வந்தது. கொடியைப் பிடுங்கிப் போட்டுவிடலாம் என்று இரண்டு பேரும் நின்றோம். மேல் மிளாறில் சுற்றியிருந்ததை எடுக்க அவள் இடது கையைத் தூக்கினாள். பாதிக்கு மேல் கை போகவில்லை. முகம் சுருங்கியது.

அவளை இழுத்துக்கொண்டு உள்ளே போய்ப் பார்த்தேன். தோல் உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. அக்குளில் இரண்டு கட்டி.

அப்போது கத்தினேன். என்ன கத்தினேன் என்று எனக்கே தெரியாது. "மாசக்கணக்கா இத்த வெச்சிக்கினு மொச்ச பறிச்சிக்கினு இருந்தியா? செத்துப் பூடுவடி! செத்துப் பூடுவ!" என்று சொன்னது மட்டும் ஞாபகம் இருக்கிறது. அதுவரை அவளை நான் 'டி' போட்டுப் பேசியது கிடையாது. அவள் புருஷன் கையில் மாட்டுக் கயிற்றோடு ஓடிவந்தார். அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. ஜாக்கெட்டை மூடக்கூடத் தோன்றாமல் என்னைப் பார்த்து, "அம்மாம் பெரிசா?" என்று கேட்டாள். உடனே கேட்டாள், நேரம் எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் காலை முதல் பஸ்ஸுக்கு நான் போனபோது, பஸ் வருவதற்கு முன்னாலேயே அவள் ரோட்டில் நின்றிருந்தாள்.

வேலூரில் எல்லாப் பரிசோதனையும் செய்தார்கள். எலும்புக்குப் போயிருந்தது. ஊசி போட்டார்கள், மறுபடி மறுபடி வரச் சொன்னார்கள். முடி கொட்டியது. வாயெல்லாம் புண். அந்த அவஸ்தையிலும் ஆஸ்பத்திரி வரிசையில் மற்றவர்களை முன்னால் போகவிட்டு உட்கார்ந்திருப்பாள். எனக்கு அவளை உலுக்கவேண்டும் போல இருக்கும், கையைப் பிடித்துக்கொள்ளவும் வேண்டும் போல இருக்கும்.

ஆனி மாதம் ஒரு நாள் காலையில் பார்க்கப் போனேன். வாசலில் வெயிலுக்கு உட்கார்ந்திருந்தாள். தலையில் ஒரு துண்டு. உடம்பு பாதியாகியிருந்தது. கொஞ்ச நேரம் அதுஇது பேசினேன். அப்புறம் என் மனத்தில் உறுத்திக்கொண்டிருந்ததை அவள்மேலேயே தள்ளினேன்.

"ஏன்க்கா, ஐப்பசியிலயே சொன்னேன் இல்ல, வேலூர் போலாம்னு? ஏன்க்கா வரல?"

ஆடு ஒன்று வேலியில் வாயை வைத்தது. அதை 'சூ' என்று விரட்டினாள். துண்டைச் சரிசெய்தாள்.

"நீ கத்தலியே நர்சம்மா."

எனக்குப் புரியவில்லை.

"இங்க பொம்பளைங்க எல்லாருக்கும் அதான கணக்கு? நீ கத்தனா ஆஸ்பத்திரிக்குப் போவணும். கத்தாம சொன்னா கஷாயத்துல பூடும். என் நாத்தனா பொண்ணுக்குக் கால் வீங்கனப்ப எப்டி கத்துன? அதான் பொழச்சிது. அன்னைக்கு நீ கொழந்தைக்குச் சொல்ற மாதிரி சொன்ன. மூஞ்ச வேற பாத்தேன், சிரிச்ச. சரி, ஒண்ணியும் இல்ல போலன்னு இருந்துட்டேன்."

குற்றம் சொல்கிற குரல் இல்லை. வழி கேட்டவருக்கு வழி சொல்கிற மாதிரிச் சொன்னாள். ஒன்பது வருஷம் அந்த மலையில் நான் கத்தியதை எல்லாரும் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு மட்டும் தெரியவில்லை. எனக்கு அழுகைதான் வந்தது. அவள் வீட்டுக்குள் பார்த்து, நர்சம்மாவுக்குத் தண்ணி கொண்டாங்க என்று சொன்னாள்.

ஆவணியில் போய்விட்டாள். ஒரு மத்தியானம், மகள் மடியில். நான் அப்போது அடுத்த ஊரில் தடுப்பூசி போட்டுக்கொண்டிருந்தேன், போன் வந்தது.

எடுத்துக்கொண்டு போன பிறகு வாசலில் பெண்கள் உட்கார்ந்திருந்தோம். என்னை யாராவது ஏதாவது கேட்டுவிடுவார்களோ என்று ஒவ்வொருத்தி முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேலிக்குப் பின்னாலேயே இருக்கிறவள், நர்ஸ், இத்தனை மாதம் என்ன பார்த்துக்கொண்டிருந்தாய் என்று ஒருத்தி கேட்டால் போதும். நாத்தனார் மூக்கைச் சிந்திவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"நீங்க இன்னாத்துக்கு அழுவறீங்க நர்சம்மா? நீங்க இன்னா பண்ணுவீங்க? அண்ணியே சொல்லிச்சி, கண்ண மூடறதுக்கு ரெண்டு நாள் முன்ன. மொத நாளு காட்டனப்பவே நர்சம்மா கத்து கத்துன்னு கத்துனாங்க, நாந்தான் சாமைய வுட்டுட்டு வரமாட்டேன்னுட்டேன், அவுங்கள யாரும் ஒரு வார்த்த சொல்லக் கூடாதுன்னிச்சி."

அக்கா பொய் சொல்லி நான் கேட்டதில்லை. அவசரமாக எதையும் செய்து பார்த்ததில்லை. சாவதற்கு இரண்டு நாள் முன்னால், மூச்சுக்கே பஞ்சமாக இருந்த நேரத்தில், நாத்தனாரைக் கூப்பிட்டு வைத்து இதைச் சொல்லியிருக்கிறாள். நர்சம்மாவுக்குத் தெரியவில்லை என்று ஊரில் ஒரு பேச்சு கிளம்பிவிட்டால் அப்புறம் ஒருத்தியும் என்னிடம் வந்து மாரைத் திறந்து காட்ட மாட்டாள். அதை அவள் யோசித்திருப்பாள். நேரம் எடுத்துக்கொண்டு யோசித்திருப்பாள்.

பெண்கள் அவளைத் திட்ட ஆரம்பித்தார்கள். சாவு வீட்டில் பாசத்தோடு திட்டுகிற திட்டுதான். பிடிவாதக்காரி, எது சொன்னாலும் ரொம்பட்டும் ரொம்பட்டும்னு, நர்சம்மா பேச்சக் கேட்டிருந்தா இன்னைக்கு இருந்திருப்பா என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். மகளும் சொன்னாள். இல்லை, நான் கத்தவில்லை என்று அங்கே சொல்லியிருக்க வேண்டும். தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பதினாறாம் நாள் முடிந்த பிறகு பெண்கள் வர ஆரம்பித்தார்கள். அதுவரைக்கும் கையைப் பிடித்து இழுத்தாலும் வராதவர்கள். வராந்தாவில் வரிசையாக உட்கார்ந்து, ஒவ்வொருத்தியாக உள்ளே வந்து, பேசாமல் கொக்கியைக் கழற்றினார்கள். நான் பார்த்தேன். கவனமாகத்தான் பார்த்தேன்.

அதில் ஒருத்தி ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டே கேட்டாள்: "அவுங்களுக்கும் இப்டித்தான் பாத்தீங்களா நர்சம்மா?"

"பாத்தேன்."

"நெசமாவே அன்னைக்கே சொல்லிட்டீங்களா?"

வெளியே வராந்தாவில் பேச்சு நின்றுவிட்டது. எல்லாரும் காது கொடுக்கிறார்கள் என்று தெரிந்தது.

"அன்னைக்கே கத்துனேன்" என்றேன், அவர்களுக்கும் கேட்கிற மாதிரி. "அவதான் கேக்கல."